அப்பாவுக்கு மூணாவது ஹியரிங் எய்டு வாங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு நம்பரைப் பாருங்க



பெற்றோருக்கான ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல எப்போ வீடியோ போட்டாலும், கீழே தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ காது சரியா கேட்கல. ஹியரிங் எய்டு ரெண்டு தடவை மாத்தியாச்சு. இப்போ யாரோ "இம்பிளான்ட் வச்சா சரியாகும்"னு சொல்றாங்க. பத்து லட்சம் ஆகும்ங்கிறாங்க. பண்ணலாமா, வேண்டாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வீடியோல இதுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒதுக்க முடியல. அதனால இங்க விரிவா எழுதுறோம். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறோம். யாருக்கு ஆபரேஷன் பண்ணணும்னு முடிவு பண்ண வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஆடியாலஜிஸ்டும்தான். ஆனா அவங்க கிட்ட எப்போ போகணும், என்ன கேட்கணும், பணத்தை எப்படித் தயார் பண்ணணும், இது மூணும் நம்ம வேலை.

இது ஏன் ஒரு பண விஷயம்?

நம்ம வீடுகள்ல இது வழக்கமா எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். முதல்ல 25,000 ரூபாய்க்கு ஒரு மெஷின். ரெண்டு வருஷத்துல அது டிராயருக்குள்ள போயிடும். அப்புறம் கடைக்காரர் காட்டுற 80,000 ரூபாய் மாடல். அதுவும் "இரைச்சலா இருக்குப்பா"ன்னு கழட்டி வைக்கப்படும். அடுத்து ப்ளூடூத் வச்ச மாடல், ஜோடி ரெண்டு லட்சத்துக்கு மேல. இதுக்குள்ள ஆறேழு வருஷம் ஓடிடும்.

இதுல போன பணத்தை விட, போன வருஷங்கள்தான் பெரிய நஷ்டம். ஒலியே சரியாப் போய்ச் சேராம ஒருத்தர் எத்தனை வருஷம் இருக்காரோ, அந்த அளவுக்கு பிற்பாடு இம்பிளான்ட் வச்சாலும் பலன் குறைய வாய்ப்பு இருக்கு. கிரெடிட் கார்டு பாக்கியைத் தள்ளிப் போடுற மாதிரிதான் இது. வட்டி ஏறிக்கிட்டே இருக்கும், ஆனா ஸ்டேட்மென்ட் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கு. காது கேட்காதவங்க மெல்ல மெல்லப் பேச்சைக் குறைச்சுக்குவாங்க. கல்யாண வீட்டுக்கு வர மாட்டேன்பாங்க, போனை எடுக்க மாட்டாங்க. லான்செட் ஆணையம் 2024ல வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்கள்ல செவித்திறன் குறைபாட்டையும் சேர்த்திருக்கு. "வயசானா காது மந்தமாகும், விடு"ன்னு தள்ளி வைக்கிற விஷயம் இல்ல இது.

ஹியரிங் எய்டு வேற, இம்பிளான்ட் வேற

ஹியரிங் எய்டு ஒரு ஒலிபெருக்கி. வர்ற சத்தத்தைக் கூட்டிக் காதுக்குள்ள விடும். அந்தச் சத்தத்தை நரம்புக்கான மின் சமிக்ஞையா மாத்த வேண்டியது உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டு இருக்கிற காக்ளியாவோட வேலை. அதுக்குள்ள இருக்கிற நுண்ணிய மயிரிழைச் செல்கள் பெரும்பாலும் அழிஞ்சு போயிட்டா, எவ்வளவு சத்தம் கூட்டினாலும் பிரயோஜனம் இல்ல. சத்தம் கேட்கும், பேச்சு புரியாது.

காக்ளியர் இம்பிளான்ட் அந்தச் செல்களைத் தாண்டி நேரா செவி நரம்பைத் தூண்டுது. இதுல ரெண்டு பாகம். காதுக்குப் பின்னால வெளியே மாட்டுற பிராசசர் ஒண்ணு. தோலுக்கு அடியில ஆபரேஷன் பண்ணி வைக்கிற ரிசீவரும், அதுல இருந்து காக்ளியாவுக்குள்ள போற மெல்லிய மின்முனைக் கம்பியும் இன்னொண்ணு. ரெண்டையும் காந்தம் சேர்த்துப் பிடிச்சுக்கும். ஆஸ்திரேலியாவுல கிரேம் கிளார்க் தலைமையிலான குழு 1978ல மெல்போர்ன்ல பல மின்முனை கொண்ட இம்பிளான்டை முதன்முதலா ஒருத்தருக்குப் பொருத்தினாங்க. 2022 வாக்குல உலகம் முழுக்க 10 லட்சம் இம்பிளான்டுக்கு மேல பொருத்தியாச்சு. அதனால இது சோதனைக் கட்டத்துல இருக்கிற சிகிச்சை இல்ல. மூளை ஆபரேஷனும் இல்ல, காது ஆபரேஷன்தான்.

வீட்டுலயே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நல்ல ஹியரிங் எய்டு மாட்டியிருக்கும்போதும் கீழே இருக்கிறதுல மூணு நாலு பொருந்தினா, அடுத்த எய்டு வாங்குறதை நிறுத்தி வைங்க.

1. "நீ பேசுறது கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல"ன்னு அடிக்கடி சொல்றாங்க.
2. முகத்தைப் பார்த்தாத்தான் பேச்சு புரியுது. முதுகுப் பக்கம் இருந்து கூப்பிட்டா பதில் இல்ல.
3. போன்ல பேசவே முடியல. வீடியோ கால் மட்டும் ஓரளவு பரவாயில்ல.
4. ஒருத்தர் கூட அமைதியா உட்கார்ந்து பேசினாக்கூட திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு.
5. டிவி சத்தத்தை முழுசா வச்சும் கீழே ஓடுற எழுத்தை நம்பித்தான் செய்தி பார்க்குறாங்க.
6. எய்டு மாத்தி மாத்தி டியூன் பண்ணியும் வித்தியாசம் தெரியல.

இதுல சேராத அவசரம் ஒண்ணு இருக்கு. நல்லா கேட்டுக்கிட்டு இருந்த காது ஒரே நாள்லயோ ரெண்டு மூணு நாள்லயோ திடீர்னு அடைச்ச மாதிரி ஆகிட்டா, "சளியா இருக்கும்"னு வாரக் கணக்குல காத்திருக்கக் கூடாது. அன்னிக்கோ மறுநாளோ காது மருத்துவரைப் பாருங்க. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, அதுலயும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்க வயசுலயும் இது வரலாம்.

ரிப்போர்ட்ல பார்க்க வேண்டிய ரெண்டு நம்பர்

இனி அந்த ரெண்டு நம்பருக்கு வருவோம். அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல பெரியவங்களுக்காக ஒரு எளிய விதி வெளியிட்டாங்க. பேரு 60/60.

முதல் நம்பர், சராசரி கேட்கும் அளவு. ஆடியோகிராம்ல 500, 1000, 2000 ஹெர்ட்ஸ்ல எத்தனை டெசிபல்னு இருக்கும். மூணையும் கூட்டி மூணால வகுத்தா வர்றது. நல்லா கேட்கிற காதுலயே இது 60 டெசிபல் அல்லது அதுக்கு மேல இருக்கா?

ரெண்டாவது நம்பர், பேச்சு புரியுற மதிப்பெண். எய்டு இல்லாம, போதுமான சத்தத்துல வார்த்தைகளை ஒண்ணொண்ணா கேட்க வச்சு, எத்தனை சரியாத் திருப்பிச் சொல்றாங்கன்னு சதவீதத்துல போடுவாங்க. நல்லா கேட்கிற காதுலயே இது 60 சதவீதம் அல்லது அதுக்குக் கீழ இருக்கா?

ரெண்டும் ஆமான்னா, இம்பிளான்ட் மதிப்பீட்டுக்குப் போகணும். இது "ஆபரேஷன் பண்ணுங்க"ன்னு சொல்ற விதி இல்ல. "நிபுணர் கிட்ட அனுப்புங்க"ன்னு சொல்ற விதி, அவ்வளவுதான்.

இங்க ஒரு சிக்கல். ஹியரிங் எய்டு விற்கிற பல இடங்கள்ல முதல் டெஸ்ட்டை மட்டும் இலவசமா எடுத்துட்டு, ரெண்டாவதை விட்டுடுவாங்க. பேச்சு மதிப்பெண் இல்லாத ரிப்போர்ட்டை வச்சு எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீங்க. அந்த டெஸ்ட் தமிழ் வார்த்தைகள்ல நடக்கணும்னும் கேளுங்க. தமிழ் மட்டும் பேசுற அம்மாவுக்கு இங்கிலீஷ் வார்த்தை வச்சு டெஸ்ட் பண்ணினா மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்ல. டெஸ்ட் எடுக்கிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ண ஆடியாலஜிஸ்டான்னு கேட்கிறதுலயும் தப்பில்ல. அந்தப் பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ரெண்டு வீட்டுக் கணக்கு

புரியுறதுக்காக ரெண்டு கற்பனை உதாரணம்.

முதல் வீடு. அப்பாவுக்கு வயசு 63. வலது காது 75, 85, 90. சராசரி 83. இடது காது 60, 70, 80. சராசரி 70. பேச்சு மதிப்பெண் வலது 20 சதவீதம், இடது 44 சதவீதம். நல்ல காது இடதுதான். அதுலயே 70 டெசிபல், 44 சதவீதம். ரெண்டு நம்பரும் கோட்டைத் தாண்டிடுச்சு. இவருக்கு ரெண்டரை லட்சத்துக்கு புது ஜோடி எய்டு வாங்குறதுக்கு முன்னாடி இம்பிளான்ட் மதிப்பீடு கட்டாயம்.

ரெண்டாவது வீடு. அம்மாவுக்கு வயசு 60. ரெண்டு காதும் 40, 50, 60. சராசரி 50. பேச்சு மதிப்பெண் 84 சதவீதம். இவங்களுக்கு இம்பிளான்ட் தேவையே இல்ல. நல்ல எய்டு, சரியான டியூனிங், அதைத் தினமும் மாட்டுற பழக்கம் போதும். யாராவது இவங்களை ஆபரேஷனுக்குத் தள்ளினா, ரெண்டாவது மருத்துவர் கிட்ட போங்க.

ரெண்டு வீட்டுலயும் டிவி சத்தம் அதிகமாத்தான் இருக்கும். வெளியே இருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் தெரியும். ரிப்போர்ட்தான் பிரிச்சுக் காட்டும்.

எல்லாருக்கும் ஒரே சாதனம் இல்ல

உள்காது நல்லா இருந்து, வெளிக்காது அல்லது நடுக்காதுல மட்டும் பிரச்சனைன்னா கதை வேற. பிறவியிலேயே காதுத் துவாரம் மூடியிருக்கிறவங்க, வருஷக் கணக்கா சீழ் வடியுறதால காதுக்குள்ள எய்டு வைக்க முடியாதவங்க, இவங்களுக்கு எலும்பு வழியா ஒலியைக் கடத்துற இம்பிளான்ட் ஒத்துவரலாம். சின்னக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாம, தலைப்பட்டையில மாட்டுற மாதிரியும் அது கிடைக்குது.

அடித்தொனி ஒலி மட்டும் நல்லா கேட்டு, மேல்தொனி முழுக்கப் போனவங்களுக்கு எய்டும் இம்பிளான்டும் சேர்ந்த கலப்பு சாதனம் இருக்கு. செவி நரம்பே இல்லாதவங்களுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் பயன்படாது. அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறாங்க. அந்தச் செலவை வெட்டிச் செலவுன்னு நினைக்காதீங்க.

பிறந்ததுல இருந்தே காது கேட்காம, எய்டும் போடாம, பேச்சு மொழியே வராம வளர்ந்த பெரியவங்களுக்குப் பலன் பெரும்பாலும் குறைவுதான். சைகை மொழியில நல்லா வாழுற அண்ணனையோ அக்காவையோ "சரி பண்றேன்"னு கடன் வாங்கி ஆபரேஷனுக்கு இழுக்காதீங்க. முதல்ல அவங்க விருப்பத்தைக் கேளுங்க.

வயசைப் பத்தி ஒரு வார்த்தை. 70 ஆயிடுச்சு, இனி எதுக்குன்னு சிலர் விட்டுடுறாங்க. மேல் வயசு வரம்புன்னு ஒண்ணு கிடையாது. மயக்க மருந்தைத் தாங்குற உடல்நிலையும், பயிற்சிக்கு உட்கார்ற மனசும் இருக்கான்னுதான் பார்ப்பாங்க.

குழந்தை பிறக்கப் போகுதா? இதைப் படிங்க

உங்கள்ல பல பேருக்கு இப்போதான் கல்யாணம், குழந்தைன்னு போய்க்கிட்டு இருக்கும். குழந்தைங்க விஷயத்துல கடிகாரம் இன்னும் வேகமா ஓடும். சர்வதேச அளவுல பின்பற்றுற வழிமுறை 1-3-6. ஒரு மாசத்துக்குள்ள முதல் பரிசோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி செய்தல், ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம்.

பிரசவ ஆஸ்பத்திரியிலேயே ஓ.ஏ.ஈ. பரிசோதனை பண்ணிட்டாங்களான்னு கேளுங்க. குழந்தை தூங்கும்போது சில நிமிஷத்துல முடியுற டெஸ்ட். அதுல தவறினா பயப்பட வேண்டாம், காதுல ஈரம் இருந்தாலும் அப்படி வரும். ஆனா மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போகணும். தேவைப்பட்டா பெரா டெஸ்ட் எடுப்பாங்க. குழந்தை ஐ.சி.யூ.ல இருந்திருந்தா, மஞ்சள் காமாலை கடுமையா வந்திருந்தா, நெருங்கிய சொந்தத்துல கல்யாணம் பண்ணியிருந்தா, குடும்பத்துல யாருக்காவது பிறவியிலேயே கேட்காம இருந்தா, முதல் டெஸ்ட் நல்லா வந்தாலும் அதோட விட்டுடாதீங்க. மருத்துவர் சொல்ற தேதியில திரும்பப் பரிசோதிங்க.

மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்கு இன்னும் அவசரம். அதுக்கப்புறம் காக்ளியாவுக்குள்ள எலும்பு வளர்ந்து அடைச்சுக்கலாம், மின்முனை உள்ள போக இடமே இல்லாம ஆகிடும். "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க"ன்னு பாட்டி சொல்றதை நம்பி ரெண்டு வயசு வரைக்கும் காத்திருந்து, அப்புறம் கண்டுபிடிக்கிற வீடுகள் நிறைய. மூளை பேச்சைக் கத்துக்கிற பருவம் முதல் சில வருஷங்கள்தான். அது திரும்ப வராது.

மொத்தச் செலவு: ஆபரேஷன் பில் மட்டும் இல்ல

தனியார் ஆஸ்பத்திரியில ஒரு காதுக்கு, மாடலைப் பொறுத்து, தோராயமா 6 லட்சத்துல இருந்து 15 லட்சம் வரை சொல்றாங்க. இதுல பெரும்பகுதி சாதனத்தோட விலைதான். அதோட இதையும் எழுதிக்கோங்க.

- ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன், டெஸ்ட், நிமோகாக்கல் தடுப்பூசி.
- ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் கழிச்சுத்தான் சாதனத்தை இயக்குவாங்க. அப்புறம் பல தடவை மேப்பிங்னு சொல்ற டியூனிங். ஊர்ல இருந்து சென்னைக்கோ மதுரைக்கோ போய் வர்ற செலவும், உங்க லீவும் இதுல சேரும்.
- கேட்டல், பேச்சுப் பயிற்சி. குழந்தைன்னா குறைஞ்சது ஒரு வருஷம், பெரும்பாலும் அதுக்கு மேல.
- பேட்டரி, காயில், கேபிள். இது வருஷா வருஷம்.
- வெளி பிராசசர் மாற்றம். உள்ள இருக்கிற பாகம் பல்லாண்டு வரும், வெளிப் பாகம் அப்படி இல்ல. சில வருஷத்துக்கு ஒருமுறை மாத்த வேண்டியிருக்கும், அதுவே லட்சங்கள்ல ஆகும்.

கடைசி வரியைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. ஆபரேஷன் நடந்து சில வருஷத்துல பிராசசர் கெட்டுப் போய், பணம் இல்லாம குழந்தை திரும்ப மௌனத்துக்குப் போற நிலைமை வரக் கூடாது. 8 வருஷத்துல 4 லட்சம் தேவைன்னு வச்சுக்கோங்க. 6 சதவீத வட்டியில ஆர்.டி. போட்டா மாசம் சுமார் 3,250 ரூபாய். ஆபரேஷன் நடந்த மாசமே இதை ஆரம்பிச்சுடுங்க. இந்தப் பணத்தை ஈக்விட்டி ஃபண்டுல போட்டு ரிஸ்க் எடுக்க வேண்டாம். தேவைப்படுற தேதியை நம்ம முடிவு பண்ண முடியாது.

எதிர்பார்ப்பையும் பட்ஜெட் மாதிரி சரியா வச்சுக்கணும். இயக்கின முதல் நாள் பேச்சு ரோபோ மாதிரியோ கீச்சுன்னோதான் கேட்கும். மூளை பழக மாசங்கள் ஆகும். அந்தக் காதுல மீதி இருந்த இயற்கையான கேட்கும் திறன் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கிறதுல கட்டுப்பாடு வரலாம். எந்த மாடலுக்கு எவ்வளவு கட்டுப்பாடுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

பணம் எங்க இருந்து?

முதல்ல இன்சூரன்ஸ். சாதாரண ஹியரிங் எய்டுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தர்றதில்ல. காக்ளியர் இம்பிளான்ட் பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலதுல விலக்குப் பட்டியல்ல பேர் போட்டே இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியா இருந்தா எச்.ஆர். கிட்டயும், சொந்தப் பாலிசியா இருந்தா இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் இந்த ஐந்து கேள்வியை மெயில்ல கேளுங்க. வாய் வார்த்தை வேண்டாம்.

1. காக்ளியர் இம்பிளான்ட் விலக்குப் பட்டியல்ல இருக்கா?
2. ஆபரேஷனுக்கு மட்டும் பணமா, சாதனத்துக்கும் சேர்த்தா? வெளி பிராசசர் அதுல வருமா?
3. தனி உச்சவரம்பு, கோ-பே இருக்கா?
4. பிறவிக் குறைபாடுன்னா உள் உறுப்பு சார்ந்ததுக்கு கவர் உண்டா? பிறந்த குழந்தைக்கு முதல் நாள்ல இருந்தேவா?
5. ஏற்கனவே இருக்கிற குறைபாட்டுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு?

கடைசிக் கேள்விக்கு ஒரு குறிப்பு. 2024 ஏப்ரல்ல இருந்து தனிநபர் பாலிசியில இந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம்தான். அப்பாவோட குறைபாட்டை மறைச்சு பாலிசி எடுக்காதீங்க. ஆடியோகிராம்ல தேதி இருக்கும், க்ளைம் நிராகரிக்கப்படும்.

அடுத்தது அரசுத் திட்டங்கள். தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். மத்திய அரசோட ஏ.டி.ஐ.பி. திட்டத்துலயும் வருமான வரம்போட குழந்தைகளுக்கு உதவி கிடைக்குது. இதைப் படிக்கிற உங்க சம்பளத்துக்கு இது பொருந்தாம போகலாம். ஆனா உங்க ஆபீஸ் செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ஊர்ல இருக்கிற சித்தப்பா பையன், இவங்க வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தலாம். 6 வயசு தாண்டுறதுக்கு முன்னாடி யாராவது அவங்களுக்குச் சொல்லணும், அவ்வளவுதான்.

சம்பளம் 21,000க்குள்ள இருந்து ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா, முதல்ல ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில விசாரிங்க. தனியார்ல அட்வான்ஸ் கட்டுறது அப்புறம்.

மூணாவது, வருமான வரி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் 60 டெசிபல் அல்லது அதுக்கு மேல இழப்பு இருந்தா அது செவித்திறன் குறைபாடு. மருத்துவக் குழு 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல சான்று கொடுத்து, அவர் உங்களை நம்பி வாழுறவரா இருந்தா, 80டிடி பிரிவுல 75,000 ரூபாய் கழிவு. 80 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னா 1,25,000. செலவு எவ்வளவு ஆனாலும் இது நிலையான தொகை. 20 சதவீத வரி கட்டுறவருக்கு 75,000 கழிவுல செஸ் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சம்.

ஆனா இது பழைய வரி முறையில மட்டும். 2025-26 நிதியாண்டுல புது முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லாததால, உங்க சம்பளம் அதுக்குள்ள இருந்தா இந்தக் கழிவைத் துரத்த வேண்டிய அவசியமே இல்ல. இன்னொண்ணு, 2026 ஏப்ரல் 1ல இருந்து அமலாகிற புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்கள் வேற. ஃபார்ம் நிரப்பும்போது அதைச் சரிபாருங்க. வரிக்குத் தேவையில்லன்னாலும் சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்கி வைங்க. பயணச் சலுகை, அரசு உதவிகள்னு பல இடத்துல உதவும்.

நாலாவது, கடன். வரிசை இப்படி வைங்க: கையில இருக்கிற சேமிப்பு, வீட்டுல இருக்கிறவங்க பங்கு, மருத்துவத்துக்கான பி.எஃப். முன்பணம், தங்க நகைக் கடன், கடைசியா பர்சனல் லோன். கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். 5 லட்சம் பர்சனல் லோன், 12 சதவீதம், 3 வருஷம்னா மாசம் சுமார் 16,600 ரூபாய், வட்டி மட்டும் கிட்டத்தட்ட 98,000. அந்த இ.எம்.ஐ.யோட 3,250 ஆர்.டி.யையும் கூட்டி, உங்க சம்பளம் தாங்குதான்னு பாருங்க. எமர்ஜென்சி ஃபண்டை மொத்தமாத் துடைச்சுடாதீங்க. ரெண்டு மாசச் செலவாவது மிச்சம் இருக்கட்டும்.

இந்த மாசம் செய்ய வேண்டியது

வாரம் 1: ஆடியோகிராமும் தமிழ் வார்த்தைகள்ல பேச்சு டெஸ்ட்டும் எடுங்க. அரசு மருத்துவக் கல்லூரி காது மூக்கு தொண்டைப் பிரிவுல குறைஞ்ச செலவுல முடியும்.

வாரம் 2: ரெண்டு நம்பரையும் பாருங்க. 60/60 தாண்டினா இம்பிளான்ட் பண்ற மையத்துல மதிப்பீட்டுக்கு நேரம் வாங்குங்க. சென்னையில ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. மாதிரி பெரிய இடங்கள்ல கேட்கலாம். மைசூர்ல 1965ல இருந்து இயங்குற அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்துல செவித்திறன் மதிப்பீடு விரிவா பண்ணுவாங்க. தாண்டலன்னா, இருக்கிற எய்டைச் சரியா டியூன் பண்ணுங்க.

வாரம் 3: இன்சூரன்ஸுக்கு அந்த ஐந்து கேள்வி மெயில். பதிலை பத்திரமா வைங்க.

வாரம் 4: மொத்தச் செலவை ஒரு தாள்ல எழுதி வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பேசுங்க. யாருக்காக இந்தச் செலவோ, அவரையும் உட்கார வச்சுப் பேசுங்க. முகம் பார்த்து, மெதுவா, தேவைப்பட்டா எழுதிக் காட்டி. அவர் காதைப் பத்தி அவரை விட்டுட்டு மத்தவங்க முடிவு பண்றது பல வீட்டுல நடக்குது.

பதினைஞ்சு லட்சம்னு கேட்டவுடனே பயந்து கதவைச் சாத்திடாதீங்க. கடைக்காரர் சொன்னார்னு அவசரப்பட்டு கையெழுத்தும் போடாதீங்க. ஒரு பேச்சு டெஸ்ட்டுக்கு ஆகிற செலவு, நீங்க வார இறுதியில ஒரு தடவை வெளியே சாப்பிடுற செலவுக்குள்ளதான் பெரும்பாலும் முடியும். அதை வர்ற சனிக்கிழமை எடுத்துடுங்க.

டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிக்கிற விதத்தை அடுத்த வீடியோல படம் போட்டுக் காட்டுறோம். இன்சூரன்ஸ்ல என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பாலிசி வார்த்தைகள் புரியலன்னா அதையும் போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.